பிழையின் சொந்தக்காரர்கள்

பிழையாக இருப்பதனாலேயே ஒரு வாக்கியம் உலகம் முழுவதும் சுற்றிவந்திருக்கிறது. 'ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்.' இங்கிலீஷ் இலக்கணத்தில் இதற்கு மன்னிப்பு கிடையாது. 'ஆர்', 'பிலாங்' என்ற இரண்டு வினைகள் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நிற்கின்றன. 'ஆல்' என்று தொடங்கியபின் 'பேஸ்' பன்மையாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. இதே அளவுக்குக் கெடுத்துத் தமிழில் சொல்வதென்றால், 'உங்கள் தளம் எல்லாம் எங்களுக்குச் சொந்தம் இருக்கின்றன' என்று சொல்லிப் பார்க்கலாம்.

இணையத்துக் கொச்சையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மொழிபெயர்ப்பு, பிழை, சிரிப்பு, அதிகாரம் - நாம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற விஷயங்கள்தாம் இதிலும் இருக்கின்றன. வித்தியாசம் ஒன்றே: இங்கே இவற்றைச் சுமந்து வந்தது ஒரு கவிதையல்ல, சிறுவர் விளையாட்டு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோவாபிளான் என்ற ஜப்பானிய நிறுவனம் 1989-ல் 'ஸீரோ விங்' என்ற விண்கப்பல் விளையாட்டைத் தயாரித்தது. காசு போட்டு ஆடும் கூடங்களுக்கானது அது. 1991-ல் சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் என்ற வீட்டுக் கருவிக்கு அதை மாற்றியபோது, ஆரம்பத்தில் ஒரு சிறு நாடகக் காட்சியைச் சேர்த்தார்கள். கி.பி. 2101. விண்கப்பலில் வெடி வெடிக்கிறது. திரையில் வில்லன் தோன்றிக் கப்பல் தலைவனிடம் பேசுகிறான். அவன் பெயர் கேட்ஸ். ஐரோப்பியச் சந்தைக்காக இந்த வசனங்கள் இங்கிலீஷில் பெயர்க்கப்பட்டன. பெயர்த்தவருக்கு இங்கிலீஷ் பழக்கமான வீடு அல்ல என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 1994-ல் டோவாபிளான் திவாலாகி மூடப்பட்டது.

வாக்கியத்தின் ஆயுள் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பழைய விளையாட்டுகளைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்கள் 1990களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தன. அமெரிக்காவில் அந்நாளில் விற்பனைக்கே வந்திராத இந்த மெகா டிரைவ் பதிப்பு அப்படித்தான் அங்குள்ள இளைஞர்கள் கண்ணில் பட்டது. முதலில் சிறு வட்டங்களில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு கடைப் பலகை, தெருப் பெயர், விளம்பரம் என்று கண்ட புகைப்படங்களிலெல்லாம் இந்த வாக்கியத்தை ஒட்டவைத்தார்கள். 2001 பிப்ரவரியில் இந்தப் படங்களைக் கோத்து, விளையாட்டின் இசையை ஒட்டி அமைத்த ஒரு பாட்டோடு, ஓர் அசைபடம் வந்தது. சில வாரங்களில் செய்திப் பத்திரிகைகள் இதைப் பற்றி எழுத ஆரம்பித்தன. பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தால் ஒரு வேடிக்கை முடியப்போகிறது என்று அர்த்தம். இது முடியவில்லை.

ஜப்பானியம் எனக்குத் தெரியாது. ரில்கேயை எப்படிப் படித்தேனோ அப்படித்தான் இந்த மூலத்தையும் படித்தேன் - இங்கிலீஷ் வழியாக, சொல்லுக்குச் சொல் விளக்கம் எழுதியவர்களின் தயவில். படித்தபோது கிடைத்தது சிரிப்பல்ல, ஒருவகைத் திகைப்பு. வில்லன் மூலத்தில் சொல்வது ஏறக்குறைய இது: 'கூட்டரசுப் படையின் மேலான ஒத்துழைப்பினால், உம்முடைய தளங்கள் யாவற்றையும் கேட்ஸ் பெற்றுக்கொண்டுள்ளது.'

இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. முதலாவது, அந்த முதல் பகுதி. தளங்கள் பறிபோனது எதிரியின் பலத்தால் மட்டுமல்ல. காக்க வேண்டிய அரசின் படையே ஒத்துழைத்திருக்கிறது. ஒரு துரோகத்தின் செய்தி அது. இங்கிலீஷில் இந்தப் பகுதியே இல்லை. மொழிபெயர்ப்பில் கெட்டுப்போனது இலக்கணம் மட்டும் என்று நினைத்துச் சிரித்தவர்கள், காணாமல் போனது அரசியல் என்பதை அறியமாட்டார்கள்.

இரண்டாவது, மரியாதை. மூலத்தில் வரும் வினை 'இடாடகு' - பெரியவர் கையிலிருந்து ஒன்றைப் பணிவோடு வாங்கிக்கொள்ளும்போது சொல்லும் வினை. ஆனால் 'உங்கள்' என்பதற்கு அவன் பயன்படுத்தும் சொல், மேலே இருப்பவன் கீழே இருப்பவர்களைப் பார்த்துச் சொல்வது. பணிவான வினை, இறக்கிப் பேசும் முன்னிலை: இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிறான். முன்னதாக, 'வேலை மும்முரம் போலிருக்கிறதே, கனவான்களே' என்கிற தொனியில் ஒரு விசாரிப்பும் உண்டு. இது நயமான வில்லத்தனம். இங்கிலீஷில் இதற்கு நேர் வழியில்லை. தமிழில் உண்டு. 'நீ', 'நீர்', 'நீங்கள்', 'தாங்கள்' என்று நான்கு படிகள் வைத்திருக்கும் மொழி, இந்த வில்லனுக்கு வீடு மாதிரி. வினையைக் கடைசியில் வைப்பதிலும், 'நாலு மாடு வாங்கினான்' என்று பன்மை விகுதி இல்லாமலே பன்மையைச் சொல்வதிலும் நமக்கு ஜப்பானியத்தோடு ஒரு தூரத்து ஒற்றுமை இருக்கிறது. 'பேஸ்' என்று ஒருமையில் நின்றது அறியாமையல்ல, தாய்மொழியின் நிழல்.

நான் வங்கியில் குமாஸ்தா. வில்லனின் அந்த நடை எனக்கு அந்நியமானதல்ல. 'தாங்கள் அடமானம் வைத்துள்ள நகைகள் பகிரங்க ஏலத்தில் விற்கப்படும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' வட்டி கட்டாமல் கெடு தாண்டிய நகைக்கடன்காரர்களுக்குப் பதிவுத் தபாலில் இந்த மாதிரி நோட்டீஸ் போகும். எடுத்துக்கொள்கிறவனுக்குத்தான் பணிவு தேவைப்படுகிறது. கொடுக்கிறவன் கத்தலாம், அழலாம், இலக்கணம் தப்பிப் பேசலாம். எடுத்துக்கொள்கிற ஸ்தாபனம் செயப்பாட்டு வினையில், ஒற்றுப் பிழை இல்லாமல் பேசும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நடந்தது இது. ஓர் அம்மாள் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தாள். பையன் பிளஸ் டூ படிக்கிறவன். நகைக்கடனுக்கு இரண்டு மாதம் அவகாசம் கேட்டு அவன் இங்கிலீஷில் எழுதிய விண்ணப்பம் கையில் இருந்தது. தமிழில் எழுதியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இங்கிலீஷில் எழுதினால் காரியம் நடக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி அதை வாங்கி ஹாலுக்கே கேட்கும்படி படித்தார். 'ஐ ஆம் பிலாங் டு பூர் அக்ரிகல்ச்சர் ஃபேமிலி.' கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கம் இருந்தவர்களில் சட்டை மடிப்புக் கலையாதவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்தாள் - எல்லோரும் சிரிக்கிறார்களே, நல்ல விஷயமாகத்தான் இருக்கும் என்று. பையன் மட்டும் கவுண்டரில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்தது நான். பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. சித்திரையில் நகை ஏலத்துக்குப் போயிற்று.

'ஐ ஆம் பிலாங்'; 'ஆர் பிலாங்'. இரண்டும் ஒரே பிழை. டோக்கியோவிலும் காவிரிக் கரையிலும் ஒரே இடத்தில் ஒரே விதமாக இடறுகிறார்கள் என்றால், அங்கே ஒரு கல் இருக்கிறது. இங்கிலீஷில் 'பிலாங்' என்பது உருவத்தில் வினை, அர்த்தத்தில் ஒரு நிலை. 'சொந்தம்' என்பது நமக்குப் பெயர்ச்சொல். 'இன்னாருக்குச் சொந்தம்' என்று வினையே இல்லாமல் முடித்துவிடுகிறோம். அதை இங்கிலீஷாக்கும்போது ஒரு 'ஆம்', ஓர் 'ஆர்' தேவை என்று மனம் தேடிப்போய்ச் சேர்க்கிறது. படிக்காதவன் செய்யும் பிழையல்ல இது. இலக்கணத்தை யோசிக்கிறவன் செய்யும் பிழை.

இந்தச் சிரிப்புக்கு நம் பக்கத்தில் ஒரு பழைய பெயர் உண்டு: பட்லர் இங்கிலீஷ். சென்னை ராஜதானியில் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர்களின் பேச்சு. 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி இதற்குத் தனிப் பதிவு கொடுத்திருக்கிறது. வேடிக்கைக்காகப் பதிந்தாலும் அதன் விதிகளையும் அது பதிந்துவிட்டது. 'டெல்லிங்' என்றால் இனிமேல் சொல்லப்போவது; 'டன் டெல்' என்றால் சொல்லி முடித்தது. எதிர்காலத்துக்கு ஒரு வடிவம், இறந்தகாலத்துக்கு ஒரு வடிவம், மாறாமல். இலக்கணம் என்பது வேறென்ன? எஜமானன் தமிழைக் கொலை செய்தபோது அதற்கு இப்படி ஒரு பெயர் வைத்து யாரும் அகராதியில் சேர்க்கவில்லை என்பதும் ஞாபகத்துக்கு வருகிறது.

சிரிப்பு எப்போதும் மேலிருந்து கீழே பாயவேண்டும் என்றில்லை. நானும் நீங்களும் தினமும் எழுதும் 'ஓகே' என்ற சொல் எப்படிப் பிறந்தது? 1839 மார்ச் 23-ஆம் தேதி 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் அது முதலில் அச்சேறியது. 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே தப்பான எழுத்துகளில் எழுதி, அதைச் சுருக்கிய வேடிக்கை. எழுத்துக் கூட்டத் தெரியாதவனைப் போல நடிப்பது அந்த ஊர்ப் படித்தவர்களிடையே அப்போது ஒரு மோஸ்தர். அடுத்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தில் வான் ப்யூரனின் பட்டப்பெயரோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. 1960களில் ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் தோண்டி எடுத்துக் காட்டும்வரை இந்தப் பிறப்பு மறந்தே போயிருந்தது. அதே மோஸ்தரில் பிறந்த மற்றச் சுருக்கங்கள் செத்துப்போயின. வேடிக்கை போய்ச் சொல் நின்றது. சரியாக இருக்கிறது என்பதைக் குறிக்க உலகம் பயன்படுத்தும் சொல் ஒரு பிழை.

'ஆல் யுவர் பேஸ்' இன்னும் அப்படி ஆகவில்லை. ஆகாது என்றும் படுகிறது. ஆனால் அது ஏன் நின்றது என்பதை ரஸனை அளவில் பார்க்க வேண்டும். ஏழு சொற்கள். 'பிலாங்' தவிர எல்லாம் ஓரசை. திருத்தி எழுதிப் பாருங்கள்: 'ஆல் யுவர் பேஸஸ் பிலாங் டு அஸ்.' செத்த வாக்கியம். யாரும் இரண்டாம் தடவை சொல்லமாட்டார்கள். அந்த உபரி 'ஆர்' வந்து இடித்தவுடன் ஒரு தயக்கம், பிறகு 'பிலாங்' என்ற விழுகை. மிரட்டலும் மழலையும் ஒரே மூச்சில் கேட்கின்றன. கவிதையில் இந்த மாதிரி ஒன்றைச் சாதிக்க நம்மில் சிலர் பத்து வருஷமாக முயன்றுகொண்டிருக்கிறோம்.

இங்கேதான் எனக்கு ஒரு விமர்சனப் பிரச்னை எழுகிறது. ஈ.ஈ. கம்மிங்ஸ் வாக்கிய அமைப்பை உடைத்தால் பி.ஏ. வகுப்பில் அதற்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். மொழியின் மேல் நிகழ்த்தும் வன்முறை என்று நாமும் தமிழ்க் கவிஞர்களைப் பாராட்டியிருக்கிறோம். ஏற்றுமதிச் சரக்கில் ஒருவர் உடைத்தால் அது சிரிப்பு. வித்தியாசம் உத்தேசத்தில் இருக்கிறது என்பார்கள் - ஒருவர் தெரிந்து செய்தார், மற்றவர் தெரியாமல். ஆனால் ஆசிரியனின் உத்தேசம் படைப்பை மதிப்பிட அளவுகோல் ஆகாது என்று 1946-லேயே விம்ஸாட்டும் பியர்ட்ஸ்லியும் எழுதிவிட்டார்கள். அதையும் அதே பி.ஏ. வகுப்பில்தான் படித்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ள முடியாது. உத்தேசம் முக்கியமில்லை என்றால் அந்த 'ஆர்' கவிதைக்கு உரிய 'ஆர்'தான். முக்கியம் என்றால், நாம் கவிஞனுக்குக் கொடுப்பது அவன் செய்ததற்காக அல்ல, அவன் யார் என்பதற்காக. பிழை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறான் என்பதற்காக. எனக்கு இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றுகிறது. கல்லூரி, ஜாதி, வேலை, பழகும் வட்டம் எல்லாம் சேர்ந்து அந்தச் சீட்டைக் கொடுக்கின்றன. இலக்கணம் தெரியும் என்று முன்னமே நிரூபித்தவனுக்குத்தான் அதை மீறும் உரிமை.

நம் வட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. ஒரு தொடர் எப்படிப் பரவுகிறது? முதலில் அது ஒரு கடவுச்சொல். தெரிந்தவன் உள்ளே, தெரியாதவன் வெளியே. பிறகு வெளியே இருப்பவன் அதைக் கற்றுக்கொண்டு உள்ளே வருகிறான். எல்லோரும் வந்தபின் முதலில் இருந்தவன் அதைச் சொல்ல வெட்கப்படுகிறான். சிறுபத்திரிகைகளில் படிமம், அந்நியமாதல், பிரதி, கட்டுடைத்தல் எல்லாம் வந்த வழியும் போன வழியும் வேறல்ல. 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்பது 1967-ல் ரோலண்ட் பார்த் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலிருந்து கிளம்பியது. பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷ், இங்கிலீஷிலிருந்து தமிழ் என்று வந்து, கட்டுரையைப் படிக்காதவர்களும் சொல்லும் வாக்கியமாயிற்று. அதன் முன்பகுதியும் பின்பகுதியும் எந்தத் துறைமுகத்தில் இறங்கிவிட்டன என்று யாரும் விசாரிப்பதில்லை. பிழையே இல்லாத மொழிபெயர்ப்பிலும் ஒரு கூட்டரசுப் படை காணாமல் போகலாம்.

பரவிய பிறகு ஒரு தொடர் யாருக்குச் சொந்தம்? 2003 ஏப்ரல் முதல் தேதி, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஸ்டர்ஜிஸ் என்ற சிற்றூரில் சில இளைஞர்கள் முட்டாள்கள் தின வேடிக்கையாக இந்த வாக்கியத்தை எழுதி ஊரெங்கும் ஒட்டினார்கள். ஈராக் போர் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. படிப்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து இது பயங்கரவாத மிரட்டலாகவும் ஆகலாம் என்ற தோரணையில் ஊர்ப் போலீஸ் தலைவர் பேசினார். வாசகனே அர்த்தத்தைத் தீர்மானிக்கிறான் என்ற கோட்பாட்டை ஒரு போலீஸ்காரர் வாயிலிருந்து கேட்பது விமர்சகர்களுக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். எனக்கு அது வேறு விதமாகவும் பட்டது. இரண்டு வருஷம் எல்லோரும் சிரித்த வாக்கியத்தை, அதன் சொற்பொருளில் முதல் தடவையாக ஒருவர் படித்திருக்கிறார். உங்கள் தளங்கள் எங்களுடையவை. அந்த வாரம் பாக்தாதை நோக்கிப் போய்க்கொண்டிருந்த படைகள் அதை நல்ல இலக்கணத்தில் சொல்லிக்கொண்டிருந்தன.

2006 ஜூனில் யூடியூப் தளம் பராமரிப்புக்காகச் சிறிது நேரம் நின்றபோது, உங்கள் வீடியோ எல்லாம் எங்களுக்குச் சொந்தம் என்று இதே உடைந்த இங்கிலீஷில் ஓர் அறிவிப்பைப் போட்டது. யாரோ திருடர்கள் புகுந்துவிட்டார்கள் என்று சிலர் பயந்தார்கள். நகைச்சுவை உணர்வு வேண்டும் என்று நிறுவனம் பதில் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில் கூகுள் அந்த நிறுவனத்தை 165 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வீடியோக்களை எடுத்துப் போட்டவர்கள் கோடிக் கணக்கான சாதாரணர்கள். சொந்தம் யாருக்கு என்பதை அந்த அறிவிப்பு முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தது. 2014 ஜூனில் எலான் மஸ்க் டெஸ்லாவின் காப்புரிமைகளைப் பிறர் பயன்படுத்தத் தடையில்லை என்று அறிவித்த குறிப்புக்கு, எங்கள் காப்புரிமை எல்லாம் உங்களுக்குச் சொந்தம் என்று, அதே பிழையோடு தலைப்பிட்டார்.

இதை நான் வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. இங்கிலீஷ் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து வந்தபோது பிழை இழிவு. முதலாளியின் வாயில் அதே பிழை எளிமை, நட்பு, இளமை. பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவர்களின் ஆடம்பரம் அது. அதிகாரம் முன்பு செயப்பாட்டு வினையில் பேசியது. இப்போது கைப்பேசியில் 'ஹாய்!' என்று ஆரம்பித்து, ஒரு சிரித்த முகத்தையும் போட்டு, தவணை தேதியை ஞாபகப்படுத்துகிறது. ஏல நோட்டீஸ் மட்டும் இன்னும் பழைய நடையில்தான் போகிறது.

சிரித்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நிறையப் பேர் அந்த வாக்கியத்தை நேசித்தார்கள். கடைப் பலகைகளில் அதை ஒட்டிவைத்த உழைப்பில் ஒரு கொண்டாட்டம் இருந்தது. அந்த நேசம் இல்லாவிட்டால் 1994-லேயே செத்துப்போன ஒரு நிறுவனத்தின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு பிழையைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது வாய்க்குப் பழகிவிடுகிறது. பழகியபின் சரியானது விநோதமாகக் கேட்கிறது. எந்த மொழியும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. ஆனால் பழகியது நம் வாய்க்குத்தான். அந்த விண்ணப்பத்தை எழுதினவனுக்கு அதனால் ஒன்றும் கூடவில்லை.

அந்தக் காட்சியில் வேறு வரிகளும் உண்டு. வில்லன் போகும்போது, மிச்சமிருக்கும் கொஞ்ச ஆயுளையாவது போற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்கிறான். இங்கிலீஷில் அது 'மேக் யுவர் டைம்' என்று ஆகியிருக்கிறது. கடைசியில் கப்பல் தலைவன் தன் சிறு விமானங்களை அனுப்பிவிட்டுச் சொல்லும் வரி, இங்கிலீஷில் 'ஃபார் கிரேட் ஜஸ்டிஸ்'. மகத்தான நீதிக்காக. இதையும் பலர் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தார்கள். மூலத்தில் நீதி என்ற சொல்லே இல்லை. நம் எதிர்காலத்துக்கு நம்பிக்கை வேண்டும் என்கிறான், அவ்வளவுதான். தளங்கள் எல்லாம் போனபின், சொந்த அரசின் படையே காட்டிக்கொடுத்தபின், அவனுக்குக் கேட்க அதுதான் மிச்சமிருந்தது. பெயர்த்தவர் அதை ஏன் நீதி ஆக்கினார் என்று யோசிக்கிறேன். அவர் கையிலிருந்த இங்கிலீஷ் கொஞ்சம். அதில் அந்த இடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த சொல் இது. இந்தத் தேர்வைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.